கையில் எடுக்காத நூலுக்கு எழுதிய குறிப்பு: தாது வருடப் பஞ்ச ஆய்வின் நூலடைவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் தயாரித்த குறிப்புரை நூலடைவு, அதாவது ஒவ்வொரு நூலின் கீழும் குறிப்பு எழுதிய பட்டியல், முதல் வரைவிலிருந்து குழுவின் ஏற்பு வரை எப்படி மாறியது என்பதன் பதிவு இது. அக்கல்லூரியின் நூலகர் என்ற முறையில் தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தேன். ஆய்வாளரும் நெறியாளரும் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே எழுதுகிறேன். பெயர்களையும் கல்லூரியையும் சொல்லவில்லை.

பின்னணி

ஆய்வாளர் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தார். தலைப்பு, 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் நடந்த நிவாரணப் பணிகள். தாது ஆண்டில் தொடங்கியதால் தாது வருடப் பஞ்சம் என்று ஊர்ப்புறங்களில் பேசப்படுவது இதுதான். பஞ்ச நிலையைப் பார்வையிட வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரணப் பணியாளரின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு (ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், ஒன்றரை பவுண்டுக்குக் குறைந்தால் உழைக்கிற உடம்பு தாங்காது என்று எதிர்த்தார். இந்தக் கூலி விவாதத்தை ஆய்வின் நடுவில் வைக்க வேண்டும் என்பது நெறியாளரின் விருப்பம். ஆய்வாளருக்கோ இறந்தவர்களின் தொகையில்தான் அப்போது நாட்டம்.

தொடக்கப் பாடப்பயிற்சியான கோர்ஸ் ஒர்க் முடிந்ததும், ஆய்வை மேற்பார்க்கும் குழுவான டாக்டோரல் கமிட்டி, இலக்கிய மீளாய்வு இயலை எழுதத் தொடங்கும் முன் ஒரு குறிப்புரை நூலடைவு கொண்டுவரச் சொன்னது. எந்த மூலத்தைப் படித்தார், அது என்ன சொல்கிறது, எந்த ஆதாரத்தில் சொல்கிறது, ஆய்வுக்கு எப்படி உதவும் என்று ஒவ்வொரு பதிவின் கீழும் சில வரிகள் இருக்க வேண்டும். நம் துறைகளில் இந்தப் பழக்கம் குறைவு. ஆய்வேட்டின் கடைசியில் துணைநூற்பட்டியலைச் சேர்ப்பதோடு வேலை முடிந்ததாக எண்ணுகிறோம். குழு இதைக் கேட்டது நல்ல முடிவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

முதல் வரைவில் கண்டவை

அறுபதுக்கும் மேற்பட்ட பதிவுகளோடு வரைவு வந்தது. பார்வைக்குக் குறை இல்லை. நூல் விவரங்களைச் சேமிக்கும் ஜோட்டிரோ மென்பொருளில் சேகரித்து, எம்எல்ஏ எனப்படும் மேற்கோள் நடையில், அகர வரிசைப்படி அடுக்கியிருந்தார். காற்புள்ளிகூடப் பிசகவில்லை. குறிப்புகளைப் படித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்ச வரலாறு இந்தத் துறையில் தவிர்க்க முடியாத நூல். அதன் கீழ் இருந்த குறிப்பு இது:

"இந்நூல் 1876-78 பஞ்சத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. நிவாரணம் பற்றிய பல அரிய தகவல்கள் உள்ளன. ஆய்வாளர்களுக்கு மிகவும் பயனுள்ள நூல்."

நூலைத் திறக்காமலே இதை எழுதிவிடலாம். தலைப்பை மாற்றிவிட்டால் வேறெந்த நூலுக்கும் பொருந்தும். பதிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. ஆங்கிலக் கட்டுரைகளுக்கு அவற்றின் தொடக்கத்தில் அச்சிட்டிருக்கும் சுருக்கத்தையே தமிழில் மாற்றி எழுதியிருந்தார். எல்லாக் குறிப்புகளும் ஒரே நீளம். அடித்தள மக்களின் வரலாற்றைப் பேசும் சபால்டர்ன் ஸ்டடீஸ் கட்டுரை வரிசையின் மூன்றாம் தொகுதியில் டேவிட் ஆர்னால்ட் 1984-இல் எழுதிய கட்டுரை, சென்னை மாகாணப் பஞ்சத்தையே உழவர்களின் மனநிலை வழியாகப் பார்ப்பது. இவருடைய தலைப்புக்கு அதைவிட நெருங்கிய கட்டுரை பட்டியலில் இல்லை. அதற்கும் மூன்று வரி, வங்காளப் பஞ்சம் பற்றிய ஒரு பொது நூலுக்கும் மூன்று வரி.

டிக்பியின் இரண்டு தொகுதிகளில் அவரிடம் இருந்தது முதல் தொகுதியின் பிடிஎஃப் மட்டும். பதிவிலோ இரண்டும் இருந்தன. தமிழ்க் கும்மிப் பாடல்களின் தொகுப்பு ஒன்றுக்கு மறுபதிப்பின் ஆண்டையே பாடல் பிறந்த ஆண்டுபோலக் கொடுத்திருந்தார். அதை நம்பிப் படிப்பவர், பஞ்சம் முடிந்து நூறாண்டு கழித்து யாரோ பாடியது என்று முடிவுகட்டுவார்.

இல்லாத இரண்டு கட்டுரைகள்

பதிவுகளை நூலகப் பட்டியல்களோடு ஒப்பிடுவது என் பொறுப்பாக இருந்தது. இரண்டு கட்டுரைகள் எங்கும் அகப்படவில்லை. இரண்டுக்கும் ஆசிரியர் பெயர், இதழ்ப் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் இருந்தன. இதழ்கள் உண்மையானவை, தொகுதிகளும் உண்மை. அந்தத் தொகுதிகளின் பொருளடக்கத்தைத் திறந்தால், அதே பக்கங்களில் வேறு ஆசிரியர்களின் வேறு கட்டுரைகள் இருந்தன.

ஆய்வாளரிடம் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "சார், அந்த ரெண்டும் நான் தேடினது இல்ல. ஃபிரெண்டு ஒருத்தங்க ஏஐ சாட்பாட்ல கேட்டு ஒரு லிஸ்ட் அனுப்பினாங்க. மத்தது எல்லாம் சரியா இருந்துச்சு, அதனால இதையும் சேர்த்துட்டேன். குறிப்பும் அதுவே எழுதிக் கொடுத்தது."

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம். இல்லாத கட்டுரைக்கு எழுதப்பட்ட குறிப்பும், இருக்கிற நூலுக்கு இவர் எழுதிய குறிப்பும் வரைவில் அடுத்தடுத்து இருந்தன. படித்தபோது நெறியாளராலும் என்னாலும் வேறுபாடு காண முடியவில்லை. பொதுப்படையான பாராட்டில் போலி எளிதாக ஒளிந்துகொள்கிறது. டிக்பி நூலின் குறிப்பில் பக்க எண்ணோடு ஒரு வாதமாவது இருந்திருந்தால், அந்த இரண்டு பதிவுகளும் அதன் பக்கத்தில் வெறுமையாகத் தெரிந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நெறியாளர், ஆய்வாளர், நான் மூவரும் அமர்ந்து பேசினோம். வரைவைக் குழுவின் முன் வைத்து நடவடிக்கைக்கு விடலாமா என்ற கேள்வி முதலில் எழுந்தது. வேண்டாம் என்று நெறியாளர் முடிவு செய்தார். முறையாகச் சமர்ப்பிக்காத வரைவு அது. ஆய்வாளரும் கேட்டவுடனே மறைக்காமல் சொல்லியிருந்தார். ஆனால் நடந்ததை ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்தில் குழுவிடம் ஆய்வாளரே சொல்ல வேண்டும் என்று நெறியாளர் நிபந்தனை வைத்தார். எனக்கு அது சரியான அளவாகப் பட்டது. தண்டித்திருந்தால் அடுத்த ஆய்வாளர் மறைக்கக் கற்றுக்கொள்வார். பேசாமல் விட்டிருந்தால் இவரே மறந்துபோவார்.

அடுத்து, பதிவுகளை மூன்று வகையாகப் பிரிக்கச் சொன்னோம். முழுதும் படித்தவை, பகுதி படித்தவை, பிறர் மேற்கோளில் மட்டும் கண்டவை. மூன்றாம் வகையை நீக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். இன்னும் கைக்கு வராத மூலத்தை அப்படியென்றே குறித்து வைத்திருப்பது ஆய்வாளருக்கு வேலைப் பட்டியலாக உதவும். படித்ததுபோல் காட்டினால்தான் கெடுதல்.

அகர வரிசையை விட்டு மூல வகைப்படி அடுக்குவது மூன்றாவது முடிவு. அரசு அறிக்கைகள், சமகாலத்தவர் எழுத்து, தமிழ்ச் செய்யுள்கள், பிற்கால வரலாற்றாசிரியர்கள் என்று நான்கு பகுதிகள். இதற்காக ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்டியலை ஆய்வாளருக்குக் காட்டினேன். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்துக் குறிப்பும் எழுதிய பட்டியல் அது. அதில் சில குறிப்புகள் இன்றைக்குச் சகிக்க முடியாதவை. மர்டாக் கிறித்தவ நூல் பரப்பலில் ஈடுபட்டவர், அந்தச் சாய்வு வெளிப்படையாகவே தெரிகிறது. ஆனால் நூலைப் பார்த்து எழுதியவர் எப்படி எழுதுவார் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை. ஆய்வாளர் அதை இரவலாக எடுத்துப்போய் வெகுநாள் வைத்திருந்தார்.

நீளத்துக்கு விதி வைக்கவில்லை. மையமான மூலத்துக்கு ஒரு பக்கம் எழுதலாம், ஓரமானதுக்கு ஒரு வரி போதும் என்று சொன்னோம். இதை ஏற்பதுதான் ஆய்வாளருக்குக் கடினமாக இருந்தது. குறிப்புகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் குழு குறை சொல்லும் என்று அஞ்சினார்.

ஓர் எண் வந்த வழி

திருத்தத்தின்போது அதிக நேரம் எடுத்தது இறப்பு எண். அமெரிக்க எழுத்தாளர் மைக் டேவிஸ் 2001-இல் வெளியிட்ட நூலை மேற்கோள் காட்டி, பஞ்சத்தில் ஒரு கோடியே மூன்று இலட்சம் பேர் இறந்ததாக முதல் வரைவில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அங்கே இருந்தது ஓர் அட்டவணை. 1876-79 இந்தியாவுக்கு அதில் மூன்று மதிப்பீடுகள் பக்கம் பக்கமாக நின்றன. டிக்பியின் கணக்கு 1 கோடியே 3 இலட்சம், பிற்கால அறிஞர்களான அரூப் மகாரத்னாவின் கணக்கு 82 இலட்சம், சீவாயின் கணக்கு 61 இலட்சம். டேவிஸ் தொகுத்தவர், எண்ணியவர் இல்லை. மூன்றில் பெரியதை எடுத்து அவர் பெயரில் போட்டிருந்தார் ஆய்வாளர்.

டிக்பியின் எண் என்றதும் 1878 நூலைப் புரட்டத் தொடங்கினார். டேவிஸ் அட்டவணையின் அடிக்குறிப்போ டிக்பி 1901-இல் எழுதிய வேறொரு நூலைக் காட்டியது. அது ஆங்கில ஆட்சியின் பொருளியல் சுரண்டலை அரசின் சொந்த ஆவணங்களைக் கொண்டே அம்பலப்படுத்த எழுதிய நூல். ஆக, பஞ்சத்தின்போது களத்தில் இருந்தவர் எழுதிய எண் என்று நினைத்தது, கால் நூற்றாண்டு கழித்து ஒரு வாதத்துக்காக அவர் தொகுத்த எண்ணாக மாறியது. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் என்ன வகைச் சான்று என்பது குறிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

எல்லைக் கேள்வி வேறு இருந்தது. அட்டவணையின் மூன்று எண்களும் இந்தியா முழுமைக்கும் உரியவை. 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையத்தின் மதிப்பீடு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. இவருடைய ஆய்வோ தமிழ் மாவட்டங்கள் சிலவற்றைப் பற்றியது. நான்கில் எதையும் நேராக எடுத்துப் பயன்படுத்த முடியாது. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கே போக வேண்டியிருந்தது. அங்கே ஒன்று கிடைத்தது. 1871-இன் சென்னை மாகாணக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவர் அதே கார்னிஷ். டெம்பிள் கூலியை எதிர்த்தவருக்கு மாகாணத்தின் தலைக்கணக்கு மனப்பாடம். இந்தச் செய்தி குறிப்பில் ஒரு வரியாக ஏறியது. ஆய்வேட்டில் அதுவே ஓர் உட்பிரிவாக வளரக்கூடும் என்று நெறியாளர் ஓரத்தில் எழுதினார்.

டிக்பியின் 1878 நூலுக்கு ஆய்வாளர் மறுபடி எழுதிய குறிப்பு:

"டிக்பி அப்போது சென்னையில் நாளிதழ் ஆசிரியர், நிவாரண நிதிக் குழுவின் கௌரவச் செயலரும்கூட. குழுவின் பணியைப் பேசும் இடங்களில் தன் வேலையைத் தானே மதிப்பிடுகிறார் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். கூலி விவாதத்தில் டெம்பிள், கார்னிஷ் இருவர் வாதங்களையும் தருகிறார், சாய்வு கார்னிஷ் பக்கம். அவர் சுருக்கித் தரும் கடிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள வருவாய் வாரிய நடவடிக்கைப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டாம் இயலுக்கு அடிப்படை. முதல் தொகுதி முழுதும் படித்தது. இரண்டாம் தொகுதியில் பின்னிணைப்புகள் பாக்கி."

முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்கு நீளம். பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை.

திருமுக விலாசம்

தமிழ்ச் செய்யுள் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதியாக அமைந்தது. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசத்தை முதல் வரைவில் "பஞ்சத்தை நேரில் கண்டவரின் சாட்சியம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். நூலைப் படித்த பிறகு அந்த வரி தாங்கவில்லை. அது அங்கத நூல். பஞ்சத்தில் வாடும் மக்களுக்கு உதவும்படி மதுரைச் சொக்கநாதரே சிவகங்கைச் சமீன்தாருக்குத் திருமுகம், அதாவது கடிதம், கொடுத்து அனுப்புவதாகக் கட்டியிருக்கிறார் புலவர். பாணபத்திரர் என்ற யாழிசைக் கலைஞருக்குப் பொருள் கொடுக்கும்படி அதே மதுரை இறைவனான ஆலவாயான் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகப் பதினோராம் திருமுறையில் இருக்கும் திருமுகப் பாசுரத்தை நினைவில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். அங்கே அருள் செய்ய எழுதிய இறைவன், இங்கே தன்னால் ஆகாததை ஒரு சமீன்தாரிடம் கேட்கிறான். தாது வருடத்தில் தெய்வமும் கைவிட்டது என்று நேரே சொல்லாமல் சொல்லும் வழி அது.

இதைப் புரிந்துகொண்டதும் குறிப்பு மாறியது. நூல் எதற்குச் சான்றாகாது என்பதை முதலில் எழுதினார். இறப்புக் கணக்குக்கும் தானிய விலைக்கும் இதை நம்ப முடியாது. எதற்குச் சான்றாகும் என்பதை அடுத்து எழுதினார். ஆட்சியும் சமீனும் கோயிலும் கைகொடுக்காத காலத்தில் மக்கள் யாரிடம் முறையிட்டார்கள் என்ற உணர்வுக்கு இதைவிட நெருக்கமான ஆவணம் ஆங்கிலப் பதிவுகளில் கிடைக்காது. "அரிய தகவல்கள் உள்ளன" என்று எழுதியவரிடமிருந்து இந்தப் பத்தி வந்தபோது நெறியாளர் அதைத் துறையில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினார்.

கும்மிகளுக்கு இன்னொரு விதி தேவைப்பட்டது. பாடல்கள் ஆண்டுப் பெயரைத்தான் சொல்லும். தாது என்றால் 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. அடுத்த ஈசுவர ஆண்டிலும் துயரம் தொடர்ந்தது. டெம்பிள் கூலி வந்தது தாது ஆண்டின் தை, மாசியை ஒட்டி. பாடலில் வரும் கூலிப் பேச்சு அதற்கு முந்தியதா பிந்தியதா என்பதை தமிழ் ஆண்டை ஆங்கில ஆண்டுக்கு மாற்றும் இந்தக் கணக்கு இல்லாமல் சொல்ல முடியாது. ரூபாய்க்கு இத்தனை படி என்று பாடல் சொன்னால், எந்த ஊர்ப் படி என்பதையும் கேட்க வேண்டும். இவற்றை அந்தப் பகுதியின் தலைப்பில் ஒரு முன்குறிப்பாகவே சேர்த்தார்.

குழுவின் முன்

திருத்திய நூலடைவில் பதிவுகள் நாற்பதுக்கும் கீழே வந்தன. குறைந்ததைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்டார். நீக்கியவை எவை, ஏன் என்று ஆய்வாளர் தனித்தாளில் வைத்திருந்தார். இல்லாத இரண்டு கட்டுரைகளைப் பற்றி அவரே தொடக்கத்தில் சொன்னார். கூட்டத்தில் சற்று நேரம் அமைதி. பிறகு ஓர் உறுப்பினர், மீதமுள்ள ஒவ்வொன்றையும் எங்கே பார்த்தார் என்று வரிசையாகக் கேட்டார். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, எங்கள் நூலகம், இணைய ஸ்கேன் என்று பதிவுதோறும் எழுதியிருந்ததால் பதில் தடையில்லாமல் வந்தது. பார்க்காத மூலங்களையும் பட்டியலில் வைக்கலாமா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. தனிப்பகுதியாகக் கடைசியில் வைக்கலாம், ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலுக்கு அவை போகக் கூடாது என்று முடிவானது.

ஆய்வின் கேள்வி மாறியது நான் எதிர்பாராதது. இறப்புத் தொகையை நிறுவும் இயல் கைவிடப்பட்டது. நான்கு பகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பக்கிங்காம் கால்வாயின் அடையாறு–கூவம் இணைப்பு போன்ற நிவாரணப் பணிகள் அரசு அறிக்கைகளில் விரிவாக இருந்தன. அங்கே மண் சுமந்தவர்களின் குரலோ கும்மிகளை விட்டால் எங்கும் இல்லை. கூலியைப் பற்றி அரசு பேசியதையும் பாடல் பேசியதையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இப்போது ஆய்வின் மையம். நெறியாளர் முதலில் விரும்பிய இடத்துக்கு ஆய்வாளர் வேறு வழியாக, தன் காலாலேயே வந்து சேர்ந்தார்.

ஒரு கும்மியின் முதல் பதிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. மறுபதிப்பின் முன்னுரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதிவில் "முதல் பதிப்பு காணக் கிடைக்கவில்லை, பாடிய காலம் உள்சான்றால் மட்டும்" என்று இருக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

அறுபது பதிவுகளை எழுதி முடித்த பிறகு திருத்தச் சொல்வது ஆய்வாளருக்குக் கொடுமை. எங்கள் துறையில் இப்போது முதலில் ஐந்து பதிவுகள் மட்டும் கேட்கிறார்கள். ஐந்தில் ஒன்று கட்டாயம் செய்யுளாகவோ கையெழுத்து ஆவணமாகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் சுருக்கத்தைப் பார்த்து எழுத அவற்றுக்குச் சுருக்கமே கிடையாது. ஐந்தும் தேறிய பிறகே மற்றவை.

நூலகம் தன் பங்குக்கு ஒரு சிறு படிவம் வைத்திருக்கிறது. எந்தப் பதிப்பு, எங்கே பார்த்தது, எத்தனை பக்கம் படித்தது, எந்த நாளில் என்று நான்கே கட்டங்கள். நூலைத் திருப்பித் தரும்போதே நிரப்பிவிடலாம். வாரங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதும் குறிப்புதான் பொதுப் பாராட்டாகச் சறுக்குகிறது.

பகுதிநேர ஆய்வாளர்களின் இடர் இன்னும் தீரவில்லை. இவர் வேலைநாளில் பள்ளியில் இருக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அலுவல் நாளில் போக வேண்டும், கையில் அறிமுகக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் கல்லூரி அலுவலகத்தில் கையெழுத்தாகி வரத் தாமதமானதில் ஒரு கோடை விடுமுறையே கைநழுவியது. வருவாய் வாரிய நடவடிக்கைப் பதிவுகள் இன்னும் "பிறர் மேற்கோளில் கண்டவை" பகுதியில்தான் இருக்கின்றன. ஆய்வுப் பதிவு உறுதியான அன்றே கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நெறியாளரும் நானும் முதல்வருக்கு எழுதியிருக்கிறோம். ஆய்வாளர் அரையாண்டு விடுமுறைக்குச் சென்னைப் பயணச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறார்.